இரத்தத்தில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

மாணவ நண்பர்களே, ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம். வளர்ந்த மனிதர் ஒருவருடைய உடம்பில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். அதில் 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் சர்க்கரை இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் இரத்தம் முழுவதிலும் உள்ள சர்க்கரை எவ்வளவு? தாளும் பென்சிலும் எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். 5 கிராம் என்று விடை வரும். அதாவது, ஒரு தேக்கரண்டி! நம்மில் பலர் ஒரு குவளைத் தேநீரில் கலந்து குடிப்பது இதனினும் அதிகம். ஒரு வேளைச் சோறு செரித்துக் குடலில் உண்டாகும் சர்க்கரையோ இதைப் போல் பத்து மடங்குக்கு மேற்பட்டது. ஆயினும், நோயற்றவர் விருந்துண்டு எழுந்தாலும் சரி, ஒரு நாள் முழுவதும் உபவாசம் இருந்தாலும் சரி, அந்த ஒரு தேக்கரண்டி பெரிதும் கூடுவதுமில்லை, பெரிதும் குறைவதுமில்லை. இந்தச் சமநிலை எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை அறிந்துகொண்டால், அது குலையும்போது வரும் நீரிழிவு நோயை விளங்கிக்கொள்வது எளிது.

உங்கள் ஊரில் ஏரிப் பாசனம் இருந்தால் மடைக்காரரைப் பார்த்திருப்பீர்கள். ஏரியில் நீர் எவ்வளவு நிறைந்திருந்தாலும், அவர் மதகைத் திறந்தாலன்றி வயலுக்கு ஒரு சொட்டும் வாராது. நம் உடம்பில் இரத்தந்தான் ஏரி. தசைகளும் கொழுப்புத் திசுக்களும் வயல்கள். இன்சுலின் என்னும் ஹார்மோன் மடைக்காரர். உணவு உண்டதும் இரத்தத்தில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை ஏறுகிறது. உடனே இரைப்பையின் பின்புறம் குறுக்காகக் கிடக்கும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் வந்து தசைகளின் மதகுகளைத் திறந்துவிடச் சர்க்கரை உள்ளே பாய்கிறது. எஞ்சிய சர்க்கரையில் ஒரு பகுதியைக் கல்லீரல் தன் களஞ்சியத்தில் சேர்த்துக்கொள்கிறது. இரவில் நாம் உண்ணாமல் உறங்கும்போது அதே கல்லீரல் களஞ்சியத்தைத் திறந்து சிறிது சிறிதாகச் சர்க்கரையை வெளியிடுகிறது. மூளைக்கு இரவும் பகலும் சர்க்கரை வேண்டுமல்லவா?

மடைக்காரர் வாராவிட்டாலோ, வந்தும் மதகு துருவேறித் திறவாவிட்டாலோ என்ன ஆகும்? ஏரி நிறைந்து வழியும், வயல் காயும். நீரிழிவு என்பது இதுவே. சர்க்கரை மிகுந்த நோய் என்று நாம் பேசுகிறோம். உயிரணுக்களின் நிலையில் நின்று பார்த்தால் அது பட்டினி நோய். நோயாளி மிகுதியாக உண்டும் இளைத்துப் போவது இதனால்தான்.

ஏரி வழியும் இடம் சிறுநீரகம். நமது இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் ஏறத்தாழ 180 கிராம் சர்க்கரையும் வடிந்து செல்கிறது. ஆனால் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் அவ்வளவையும் மீட்டு இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆகையால் நோயற்றவருடைய சிறுநீரில் சர்க்கரை இல்லை. இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டும்போது அந்தக் குழாய்களால் ஈடுகொடுக்க இயலுவதில்லை. மிச்சம் வெளியே போகிறது. போகும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அடிக்கடி சிறுநீர் கழித்தல், தீராத தாகம், கழிவறையில் எறும்பு மொய்த்தல் ஆகியவற்றுக்கெல்லாம் காரணம் இது. நோயின் பெயரே இதைச் சொல்லிவிடுகிறது. ‘இழிவு’ என்றவுடன் கேவலம் என்று பொருள் கொள்ளாதீர்கள். இழிதல் என்றால் மேலிருந்து கீழே இறங்குதல். நீர் இறங்கிப்போகும் நோய் நீரிழிவு. வடமொழியில் மதுமேகம் என்றார்கள். மது என்பது தேன். சிறுநீர் தேன்போல் இனிப்பதை முன்னோர் அறிந்திருந்தனர். அந்த இனிப்பு உண்மையிலேயே சர்க்கரைதான் என்பதைச் சிறுநீரை வற்றச் செய்து மெய்ப்பித்தவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் மாத்யூ டாப்சன், ஆண்டு 1776. நோயாளியின் இரத்த நீர்மமும் இனிக்கிறது என்று அவர் கண்டது அதனினும் முக்கியமானது. குறை சிறுநீரகத்தில் தொடங்கவில்லை, இரத்தத்திலேயே இருக்கிறது என்பது அதனால் புலப்பட்டது.

கணையத்தின் பங்கு தெரியவந்ததோ இன்னும் நூறாண்டுக்குப் பிறகு. 1869-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் 21 வயது மாணவராக இருந்த பவுல் லாங்கர்ஹான்ஸ், கணையத்துக்குள் தீவுகள் போலச் சிதறிக் கிடந்த சிறு உயிரணுக் கூட்டங்களை உருப்பெருக்கியில் கண்டார். அவை எதற்கு உதவுகின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தார். 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மேரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்த நாய்க்கு நீரிழிவு வந்துவிட்டது. ஆக, கணையத்தில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அது இல்லையேல் நீரிழிவு. அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க முப்பதாண்டுகள் பிடித்தன.

அந்த முப்பதாண்டுகளில் நீரிழிவு கண்ட குழந்தைகளின் கதி என்ன? நீரிழிவு பெரும்பாலும் இரு வகைப்படும். முதல் வகையில் உடம்பின் காவற்படையே தவறுதலாகக் கணையத்தீவுகளைத் தாக்கி அழித்துவிடுகிறது. மடைக்காரரே இல்லை. இது பெரும்பாலும் சிறுவரிடமும் இளைஞரிடமும் தோன்றும். மிட்டாய் தின்றதால் வருவதன்று. பெற்றோரின் தவறும் அன்று. சர்க்கரையைப் பயன்படுத்த இயலாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அதிலிருந்து கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் பெருகி இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. வாந்தி, ஆழ்ந்த பெருமூச்சு, மூச்சில் பழ வாடை, மயக்கம், அதன்பின் மரணம். 1921-க்கு முன் மருத்துவர்கள் அறிந்த ஒரே வழி, குழந்தையைப் பட்டினி போட்டுச் சில மாதங்களை நீட்டிப்பதுதான்.

கனடா நாட்டில் டொராண்டோ நகரில் பிரெடரிக் பேண்டிங் என்னும் அறுவை மருத்துவரும், சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவரும், பேராசிரியர் மக்ளியாட் அளித்த கூடத்தில் 1921-ஆம் ஆண்டுக் கோடையில் நாய்களின் கணையத்திலிருந்து சாறு எடுத்துப் பரிசோதித்தனர். 1922 ஜனவரி 11-ஆம் நாள் லெனார்டு தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பயன் மிகக் குறைவு. ஊசி போட்ட இடத்தில் சீழும் கட்டியது. மனம் தளர்ந்து விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் கொல்லிப் என்னும் இரசாயன அறிஞர் சாற்றைத் தூய்மைப்படுத்தினார். 12 நாள் கழித்துப் போட்ட ஊசியில் சிறுவனின் சர்க்கரை இறங்கியது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். மறு ஆண்டே பேண்டிங்குக்கும் மக்ளியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பேண்டிங் தம் பங்கைப் பெஸ்ட்டுக்கும், மக்ளியாட் தம் பங்கைக் கொல்லிப்புக்கும் பகிர்ந்தளித்தனர். உரிமைப் பத்திரத்தையோ ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே எழுதிக்கொடுத்தார்கள். பரிசைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

முதல் வகை நோயாளிக்கு இன்சுலின் மருந்து என்பதைவிட உணவு என்பதே பொருந்தும். நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இந்நோய் இருந்தது. நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்டு, நன்றாகப் படித்து, கபடியும் ஆடி வந்தான். ஒரு விடுமுறையில் யாரோ ஒருவர் அவன் வீட்டுக்கு வந்து, “ஊசி பழகிவிட்டால் ஆயுளுக்கும் விடாது, இந்தச் சூரணத்தைக் கொடுங்கள், ஊசியை நிறுத்துங்கள்” என்று சொல்லியிருக்கிறார். பிள்ளையின் உடம்பில் தினமும் ஊசி குத்தும் தாய்க்கு அது எவ்வளவு இனிய சொல்லாகக் கேட்டிருக்கும்! நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் வாந்தி. நான்காம் நாள் நினைவு தடுமாறிற்று. அரசு மருத்துவமனையில் இரவு முழுவதும் நரம்பு வழியே நீரும் இன்சுலினும் செலுத்திப் பிழைக்க வைத்தார்கள். இன்று அவர் ஒரு கூட்டுறவு வங்கியில் பணியாற்றுகிறார். நாளொன்றுக்கு நான்கு ஊசி. சூரணம் விற்றவர் திரும்பி வந்து விசாரிக்கவில்லை. ஊசி பழக்கமாகிவிடும் என்று எவரேனும் கூறினால், சோறும் தண்ணீரும் பழக்கமாகிவிட்டன என்று வருந்துவோமா என்று நீங்கள் கேட்கலாம்.

இன்சுலினை ஏன் மாத்திரையாக விழுங்கலாகாது? அது 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால் பருப்பும் முட்டையும் போலவே செரித்துவிடும். அக்கோவையின் வரிசையை முழுதும் கண்டறிந்த பிரெடரிக் சாங்கருக்கு 1958-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நெடுங்காலம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டது. 1978-இல் மனித இன்சுலினுக்குரிய மரபுக் கட்டளையைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அதையே இன்சுலின் செய்யவைத்தார்கள். 1982 முதல் அது மருந்தாகக் கிடைக்கிறது. இப்போது உணவுக்கு முன் விரைந்து வேலை செய்வதும், நாள் முழுவதும் மெல்லக் கசிந்து வேலை செய்வதுமாகப் பல வகைகள் உள்ளன.

இனி இரண்டாம் வகை. நம்மைச் சுற்றிக் காண்பது பெரும்பாலும் இதுதான். மடைக்காரர் வருகிறார், மதகு துருவேறியிருக்கிறது. வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பும், உடலுழைப்பின்மையும், பரம்பரையும் துருவுக்குக் காரணங்கள். கணையம் மேலும் மேலும் இன்சுலினை அனுப்பிப் பார்க்கிறது. பல ஆண்டுகளில் அதுவும் களைத்துப் போகிறது. நம் நாட்டவர் மேலைநாட்டவரினும் மெலிந்த உடம்பிலேயே இந்நோய்க்கு ஆளாகிறார்கள். ‘நான் பருமனில்லையே’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வொன்று 2023-இல் வெளியாயிற்று. நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13 கோடியே 60 இலட்சம் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது மதிப்பிட்டது.

சர்க்கரை கொஞ்சம் கூடினால் என்ன, வலியில்லையே என்று கேட்பவர் பலர். வலியில்லாததே இதன் கொடுமை. மிகுந்த சர்க்கரை உடம்பிலுள்ள புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றின் இயல்பைக் கெடுக்கிறது. அதிலும் கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகிய மூன்று இடங்களும் முதலில் அடிபடுவதற்குக் காரணம் இருக்கிறது. தசையின் வாயிலில் இன்சுலின் என்னும் மதகு உண்டு என்றேன். இந்த இடங்களிலுள்ள சில உயிரணுக்களுக்கு அந்த மதகே இல்லை. இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரையோ அவ்வளவும் தடையின்றி உள்ளே புகுந்துவிடும். வெள்ளத்தில் கரையில்லாத வயல் மூழ்குவது போல, அவை மூழ்கிப்போகின்றன. விழித்திரையில் நுண்குழாய்கள் கசிந்து, உடைந்து, பார்வை மங்கும். சிறுநீரகத்தின் வடிகட்டி ஓட்டையாகிப் புரதம் ஒழுகும். கால் நரம்புகள் உணர்ச்சியற்றுப் போகும். செருப்புக்குள் கிடந்த ஆணி குத்தியதே தெரியாமல் ஊர் சுற்றி வந்து, இரவில் இரத்தத்தைக் கண்டு திடுக்கிட்டவர்கள் உண்டு. அப்புண் ஆறாமல் காலையே எடுக்க நேர்ந்தவர்களும் உண்டு. பெரிய இரத்தக் குழாய்களும் கெட்டு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை வருவது இதனோடு சேர்ந்த துன்பம்.

இங்கே ஒரு பரிசோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்வி அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில் பள்ளி முழுதும் கூட்டிப் பெருக்கியிருக்கும். ஒரு மாணவனும் விடுப்பில் இருக்கமாட்டான். உண்மை அறிய விரும்பும் அதிகாரி வருகைப் பதிவேட்டைக் கேட்பார். காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை ஆய்வு நாளைப் போன்றது. இரண்டு நாள் வாயைக் கட்டினால் எண் நன்றாக வந்துவிடும். பதிவேடு எது? இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றன. அவற்றிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும், அல்லது இந்த ஒட்டுச் சர்க்கரை நூற்றுக்கு 6.5-உம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்பர். பொதுவாக மற்றொரு முறையும் சோதித்து உறுதி செய்வது வழக்கம்.

மருந்துகளுக்கு வருவோம். ஒவ்வொன்றும் பாசனத்தின் ஒவ்வோர் இடத்தில் வேலை செய்கிறது. முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் மெட்ஃபார்மின். நானே நாள்தோறும் விழுங்குவது. ஐரோப்பாவில் விளையும் கலேகா என்னும் பயறினச் செடியில் சர்க்கரையைக் குறைக்கும் ஒரு பொருள் இருந்தது. அதன் உறவுப் பொருளாக உருவாக்கப்பட்டது இது. பாரிஸ் நகர மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957-இல் இதை நோயாளிகளிடம் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். கல்லீரல் தேவையின்றிச் சர்க்கரையை வெளியிடுவதை இது அடக்குகிறது. அமெரிக்கா இதை ஏற்க 1994 வரை ஆயிற்று. இதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு மருந்து இரத்தத்தில் அமிலத்தை மிகுவித்துக் கேடு செய்திருந்ததே அந்தத் தயக்கத்துக்குக் காரணம். வயிற்றுப் பொருமலும் பேதியும் தொடக்கத்தில் வரக்கூடும். உணவோடு சேர்த்து உண்டால் குறையும். சிறுநீரகம் மிகவும் பழுதுற்றவருக்கு இது ஆகாது. ஆதலால்தான் அடுத்த வீட்டாருடைய மாத்திரையை வாங்கி உண்ணலாகாது என்கிறோம்.

இரண்டாம் இன மருந்துகள் தற்செயலாகக் கிடைத்தவை. 1942-இல் பிரான்ஸ் நாட்டு மாண்ட்பெலியே நகரில் டைபாய்டு சுரத்துக்காக ஒரு கந்தக மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகள் சிலர் மயங்கி விழுந்தனர். சர்க்கரை அளவுக்கு மேல் குறைந்திருந்தது. லூபாத்தியே என்னும் ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து, இம்மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்று கண்டார்; கணையம் அகற்றிய நாயிடம் அது பலிக்கவில்லை. விலை குறைவு, வீரியம் மிகுதி. ஆனால் மருந்தை உண்டுவிட்டு உணவை மறந்தால் ஆபத்து.

மூன்றாவது இனத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் புளோரிசின் என்னும் பொருள் பிரிக்கப்பட்டது. அது உடம்பில் சேர்ந்தால் சர்க்கரை சிறுநீரில் வெளியேறுகிறது என்று 1886-இல் கண்டவர், முன்னே நாயின் கணையத்தை அகற்றினாரே, அதே மேரிங். சிறுநீரகக் குழாய்கள் சர்க்கரையை மீட்பதை அது தடுக்கிறது. சர்க்கரை வெளியேறுவதை நோயின் அடையாளமாகவே பார்த்துப் பழகிய உலகத்தில், அதையே மருந்தாக்கலாம் என்று எண்ண நூறாண்டுக்கு மேலாயிற்று! இவ்வழியில் அமைந்த மாத்திரைகள் 2012 முதல் வழக்கத்துக்கு வந்தன. அவை தளர்ந்த இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்வதும் பின்னர்த் தெரியவந்தது. சிறுநீரில் சர்க்கரை இருப்பதால் பூஞ்சைத் தொற்று வரக்கூடும், தூய்மை வேண்டும்.

அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் ஹீலா என்னும் நச்சுப்பல்லியின் நஞ்சிலிருந்தும் ஒரு மருந்து வந்திருக்கிறது. உணவு குடலை அடைந்ததும் குடலிலிருந்தே ஒரு ஹார்மோன் சுரந்து, இன்சுலினைத் தூண்டிப் பசியையும் அடக்குகிறது. ஆனால் அது சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். பல்லியின் நஞ்சில் ஏறத்தாழ அதே வேலையைச் செய்து, விரைவில் சிதையாத ஒரு பொருளை ஜான் எங் என்னும் மருத்துவர் 1992-இல் கண்டறிந்தார். 2005 முதல் அது ஊசி மருந்து. அதன் வழி வந்தவற்றில் வாரம் ஒருமுறை போடுவனவும் உண்டு. எடை குறைகிறது, குமட்டல் வருகிறது, விலையும் அதிகம்.

இத்தனை மருந்தும் உண்மையில் உறுப்புகளைக் காக்குமா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. முதல் வகை நோயுற்ற 1,441 பேரைக் கொண்டு வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1993-இல் விடை தந்தது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு விழித்திரை நோய் தோன்றும் அபாயம் நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. நோயின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு நடந்த இந்திய ஆய்வொன்றைச் சென்னை மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்டனர். மூன்றாண்டில் அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களிலோ 39 பேர். மெட்ஃபார்மின் உண்டவர்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதுவே. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு அதனினும் கூடுதல் பயன் காணப்படவில்லை.

கடைசியாக, உங்கள் கையில் உள்ள ஒரு காரியம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் தோழர் எவரேனும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். விளையாட்டு நேரத்திலோ, மதிய உணவு தாமதமான நாளிலோ அவருக்குச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சுக் குழறும், சிலர் காரணமின்றிக் கோபிப்பர். சோம்பல் என்றோ திமிர் என்றோ எண்ணிவிடாதீர்கள். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லையேல் மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் ஏதேனும் உண்ணச் செய்யுங்கள். நினைவிழந்து கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றலாகாது. மூச்சுக் குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.